என்னை ஜெயித்த கதை

1

எங்கள் வீட்டு டிவியில் காலையிலிருந்து செத்துப்போனவர்கள் பூல் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

கறுப்பு வெள்ளைப் படங்கள். பூல் என்றால் பில்லியர்ட்ஸுக்குத் தம்பி, குச்சியால் பந்தைக் குழியில் தள்ளுகிற ஆட்டம். கோட்டுப் போட்ட ஒரு குண்டு மனுஷன், சுண்டுவிரலில் மோதிரம், அந்த உடம்பை வைத்துக்கொண்டு பச்சை மேஜையைச் சுற்றிப் பூனை மாதிரி நடப்பான். எதிரே ஒரு ஒல்லிப்பிச்சான். அவன் சிகரெட் சாம்பல் எப்போது விழுமோ என்று நமக்குத்தான் பதைக்கும். எல்லாம் அந்தக் காலத்து அமெரிக்கச் சூதாடிகள். ஊர் ஊராகப் போவார்களாம். குச்சியைப் பிடிக்கவே தெரியாத மாதிரி நடித்து முதலில் தோற்பார்களாம். எதிராளிக்கு ஆசை தலைக்கேறினதும் அவனை உரித்துக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்கு பஸ் ஏறிவிடுவார்களாம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். என் வீட்டுக்காரர் முரளி சொல்லிக்கொண்டே இருப்பார். சாப்பிடும்போது சொல்வார். நான் டியூட்டிக்குக் கிளம்பி ஒரு காலில் ஷூவும் இன்னொரு கால் வெறுமனேயுமாக நிற்கும்போது சொல்வார்.

"விஜி, இங்க பாரேன். இந்த ஷாட்டு இவனுக்குத் தண்ணி பட்ட பாடு. வேணும்னே வுடறான் பாரு. மணிக்கட்டப் பாரு, கடைசி நேரத்துல லேசா ஒரு திருப்பு. எவனுக்காவது தெரியுதா? எனக்குத் தெரியும்!"

நிறுத்துவார், பின்னால் ஓட்டுவார், திரும்பவும் போடுவார். செத்தவன் திரும்பவும் வேண்டுமென்றே தோற்பான்.

நாங்கள் நியூசிலாந்தில் ஹாமில்டன் என்கிற ஊரில் இருக்கிறோம். நான் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். முரளி இங்கே ஒரு குளிர்க் கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். முதுகு போயிற்று, வேலையும் போயிற்று. இப்போது சோபாவில் இரண்டு தலையணைக்கு நடுவே உட்கார்ந்து, உலகத்தில் யார் யாரெல்லாம் விட்டுக்கொடுத்துத் தோற்றார்கள் என்று கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார். சம்பளமில்லாத போலீஸ் வேலை.

நான் பந்தைப் பார்ப்பதில்லை. அந்தப் படங்களில் சுவரோரமாக நாற்காலி போட்டுப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி மடியில் யாருடைய கோட்டோ இருக்கும். ஒருத்தி கைப்பையைத் திறந்து மூடிக்கொண்டிருப்பாள். கேமரா அவர்கள் முகத்தில் நிற்கவே நிற்காது, பந்து பின்னாலேயே ஓடிவிடும். இவள் யாரு, வீட்டுக்கு எப்போ போவாள், அந்தக் கோட்டைத் தூக்கி ஏன் வீசாமல் இருக்கிறாள் என்று நான் யோசித்துக்கொண்டிருப்பேன்.

2

இந்த நாட்டில் வலிக்கென்றுகூட ஒரு ஆபீஸ் இருக்கிறது. முதுகுவலி நிஜமா பொய்யா என்று அவர்கள் சொல்ல வேண்டும், அப்போதுதான் இழப்பீடு. ஆபீசர் பெண் சின்னவள், ரொம்ப மரியாதை. எங்கள் ஊர் தாலுகா ஆபீசில் திட்டி அனுப்புவார்கள், இங்கே சிரித்து அனுப்புவார்கள். இரண்டிலும் வேலை நடக்காது.

"எவ்வளவு தூரம் குனிய முடிகிறது?" என்று கேட்டாள். முரளிக்கு மனசில் இருந்தது வாயில் வந்துவிட்டது. மேஜை மேல் குனிய முடியவில்லை, அதுதான் பெரிய கஷ்டம் என்று அவருடைய இங்கிலீஷில் சொன்னார். அவள் அதை மேஜை வேலை என்று எடுத்துக்கொண்டாள். பெட்டி தூக்கலாம், உட்கார்ந்து செய்யும் வேலைதான் இவருக்கு ஒத்துவராது என்று பதிந்துவிட்டாள். அதை மாற்றுவதற்கு இன்னொரு டாக்டர், இன்னொரு கடிதம், பாட்டுப் போட்டுக் காக்கவைக்கும் போன். என்ன மேஜை என்று அந்தப் பெண்ணுக்குக் கடைசிவரை தெரியாது. முரளியும் விடாமல், கிளம்புகிற நேரத்தில், "என் மனைவியை நான் பூல் மேஜையில் ஜெயித்தேன், தெரியுமா?" என்று அவளிடம் ஆரம்பித்தார்.

அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். இந்த ஊர்க்காரர்களுக்கு அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

3

கதையை நானே சொல்லிவிடுகிறேன். அவரைவிட நான் சுருக்கமாகச் சொல்வேன்.

நாங்கள் செங்கல்பட்டு. எனக்கு ஒரே அண்ணன், சேகர். அப்பா ரயில்வேயில் இருந்து செத்தார். அந்த வேலை சேகருக்குக் கிடைத்திருக்கும், அவன் போகவில்லை. தினம் காலையில் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்து மாமல்லபுரம் போய்விடுவான். அங்கே கடலோரத்தில் வெள்ளைக்காரர்கள் தங்குகிற ஒரு லாட்ஜ். மொட்டை மாடியில் கீத்துக் கொட்டகை. கொட்டகைக்குள்ளே ஒரு பூல் மேஜை. எவனோ ஒரு வெளிநாட்டுக்காரன் கடை நடத்த வந்து, நடத்த முடியாமல் விட்டுப்போனது.

அந்த மேஜையை நேராக்க முடியாது. உப்புக் காத்து அடித்து மரம் உப்பிக்கொள்ளும். ஒரு காலுக்கு அடியில் சிற்பப் பட்டறையிலிருந்து கருங்கல் சில்லு ஒன்றைக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்திருந்தார்கள். பக்கத்துப் பட்டறைகளில் கல் அறுக்கிற தூள் பறந்து வந்து துணிமேல் படியும். பந்து எந்த மூலைக்குச் சாயும், மழை பெய்தால் எப்படி ஓடும் என்று சேகருக்கு மட்டும் தெரியும். வெள்ளைக்காரனிடம் முதல் ஆட்டம் தோற்பான். இரண்டாவது ஆட்டம் அழுதுகொண்டே ஜெயிப்பதுபோல் ஜெயிப்பான். மூன்றாவது ஆட்டம் அவனைக் கிழித்துத் தொங்கவிடுவான். அமெரிக்கச் சூதாடிகளுக்கு யார் கற்றுக்கொடுத்தார்களோ, எங்கள் சேகருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. இதைக் கவனமாகப் படியுங்கள். புத்தகத்தின் மேல் கால் பட்டுவிட்டால் நாமெல்லாம் தொட்டுக் கண்ணில் ஒத்திக்கொள்வோம் இல்லையா? வேண்டுமென்றே தோற்பதற்கு முன்னால் சேகர் அதைச் செய்வான். மேஜை ஓரத்தை இரண்டு விரலால் தொட்டுக் கண்ணில் ஒத்திக்கொண்டு, அப்புறம் பந்தைத் தவறவிடுவான். வெள்ளைக்காரர்கள் அதை ஏதோ இந்து பூஜை என்று நினைத்து அவர்களும் ஒத்திக்கொள்வார்களாம். வீட்டில் என்னோடு கேரம் ஆடும்போதும் அதேதான். நான் அழுகிற மாதிரி இருந்தால் போர்டைத் தொட்டு ஒத்திக்கொள்வான், அடுத்த காய் கண்டிப்பாக விழாது. நான் ஸ்ட்ரைக்கரால் அவன் மண்டையில் அடிப்பேன்.

"எதுக்குடா ஒத்திக்கிற?" என்று ஒருதரம் கேட்டேன்.

"ஆட்டத்துக்குத் துரோகம் பண்றோம்ல? அதான் மன்னிப்பு கேட்டுக்கறேன்" என்றான்.

மனுஷனுக்குத் துரோகம் பண்ணினால் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது.

4

முரளிக்குச் சொந்த ஊர் சிங்கப்பெருமாள் கோயில். பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை சிநேகிதர்களோடு மாமல்லபுரம் வருவார், அந்த மாடியில் கொஞ்சம் ஆடுவார். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு வேலை பழகிக்கொண்டிருந்தபோது என்னைப் பார்த்திருக்கிறார். பெண் கேட்டு ஆள் அனுப்பினார். வேற ஜாதி. சேகர் முடியாது என்று சொல்லிவிட்டான். எனக்கு அப்போது கல்யாணமே வேண்டாம். சவுதிக்கு நர்ஸ் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பாஸ்போர்ட்டுக்கு போட்டோ எடுத்து வைத்திருந்தேன்.

முரளி விடவில்லை. மாடிக்கே போய்க் கேட்டிருக்கிறார். அங்கே கைடுகள், சிப்பிக்கடைக்காரர்கள், சமையல்காரர், நாலு வெள்ளைக்காரர்கள். அத்தனை பேர் நடுவிலும் சேகர் சொன்னானாம்: "இன்னா மச்சான், தில்லு கீதா? என்ன ஜெயிச்சிட்டு என் தங்கச்சியக் கட்டிக்கோ. தோத்தா இந்தப் பக்கம் தல வெச்சிப் படுக்காத."

முரளி ஜெயித்துவிட்டார். கடைசிக் கறுப்புப் பந்து ஒன்றுதான் பாக்கி. சேகருக்கு நேர் ஷாட்டு. சேகர் தவறவிட்டான், முரளி போட்டார். கதை அவ்வளவுதான். அதே மாசம் முகூர்த்தம் பார்த்துவிட்டார்கள்.

அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் தெரியுமா? ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். சாயங்காலம் அண்ணன் வந்து, "உனக்கு மாப்ள பாத்தாச்சி" என்றான். கல்யாணமான பிறகுதான் பந்தயத்தைப் பற்றியே கேள்விப்பட்டேன், அதுவும் முரளி தன் சிநேகிதர்களிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோது. அன்று போட்ட சண்டையில் ஒரு குக்கர் மூடி வளைந்தது.

அதிலிருந்து எங்கே போனாலும் இந்தக் கதைதான். நான் பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டாக்டரிடம் சொன்னார். இந்த நாட்டுக்கு விசா கிடைத்தது என் நர்ஸ் வேலையால். அவர் வந்தது என் பேருக்குப் பின்னால், என்னை அண்டியவர் என்கிற கணக்கில். விமான நிலையத்தில் முத்திரை குத்தியவனிடமும் என்னை ஜெயித்ததாகச் சொன்னார். கடைசியில் என் தோளில் கை போட்டு, "இதோ, நான் வாங்கின கப்பு" என்று முடிப்பார். எல்லோரும் கை தட்டுவார்கள். நான் பல்லைக் காட்ட வேண்டும்.

5

போன மாசம் எங்கள் வெள்ளி விழாக் கல்யாண நாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டிலேயே விருந்து வைத்தோம். சேகரை எப்படியாவது வரவழைக்க வேண்டும் என்று முரளி தவியாய்த் தவித்தார். "தோத்தவன் பக்கத்துல நின்னாதான கத நல்லாருக்கும்?" ஸ்பான்சர் கடிதம் என் பேரில், பாங்க் ஸ்டேட்மெண்ட் என் பேரில். விசா ஆபீசிலிருந்து பதில் வந்தது: இவர் ஊர் திரும்புவார் என்று எங்களுக்கு நம்பிக்கை இல்லை. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அண்ணன் இப்போது ஊரப்பாக்கத்தில் மனை புரோக்கர். ஸ்டேஷன் பக்கத்து டீக்கடை பெஞ்சை விட்டு எழுந்திருக்கவே சோம்பல்படுகிறவன், அவனுக்கு நியூசிலாந்தில் ஒளிந்துகொள்ள ஆசையாம்.

எங்கள் ஒரே மகள் நிவி வெலிங்டனில் படிக்கிறாள். பொங்கலுக்கு வரமாட்டாள், தீபாவளிக்கு வரமாட்டாள், போன் பண்ணினால் எடுக்கமாட்டாள். இதற்கு மட்டும் வந்தாள், கம்ப்யூட்டரும் கையுமாக. அப்பாவுக்கு ஒரு பரிசாம். விருந்துக்கு இரண்டு நாள் முன்னால் என்னைச் சமையலறையில் பிடித்தாள்.

"அம்மா, இது மாமாவா? நீ பாத்து சொல்லு."

யாரோ ஒரு வெளிநாட்டுப் பெண், தொண்ணூறுகளின் கடைசியில் இந்தியாவில் எடுத்த பழைய வீடியோ டேப்புகளை யூடியூப்பில் போட்டிருக்கிறாள். அதில் ஒன்று மாமல்லபுரத்து மாடி. அப்பா பார்க்கிற படங்களோடு சேர்த்து வைக்கலாமே என்று நிவி தேடியிருக்கிறாள், அகப்பட்டுவிட்டது.

கீத்துக் கொட்டகை, காத்துச் சத்தம், பச்சை மேஜை. கறுகறு மீசையோடு முரளி, முதுகை வில்லாக வளைத்து நிற்கிறார். அந்த முதுகைப் பார்த்து எனக்கே ஒரு நிமிஷம் என்னவோ செய்தது, பொய் சொல்ல மாட்டேன். எதிரே சேகர், கட்டம் போட்ட சட்டை. கறுப்புப் பந்தும் வெள்ளைப் பந்தும்தான் மேஜையில். சேகர் குனிந்தான். நிமிர்ந்தான். மேஜை ஓரத்தை இரண்டு விரலால் தொட்டான். கண்ணில் ஒத்திக்கொண்டான். குனிந்து அடித்தான். பந்து குழி ஓரத்தில் முட்டி நின்றது.

அடுப்பில் வெங்காயம் கருகியது. நிவி அடுப்பை அணைத்துவிட்டு, "என்னம்மா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. உங்க மாமாதான்."

"அப்பா ரொம்ப சந்தோஷப்படுவார்ல? அம்மாவை அப்பா வாங்கின மேட்ச்!" என்றாள். ஜெயித்த என்று சொல்ல வேண்டும். என் பொண்ணின் தமிழ் அவ்வளவுதான். நான் திருத்தவில்லை.

6

மறுநாள் சாயங்காலம் அண்ணனுக்கு போன் போட்டேன். அங்கே நாஸ்தா நேரம். வாயில் இட்லியோடு எடுத்தான்.

"ணா, ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு. அன்னிக்கு அவருகிட்ட வேணும்னேதான தோத்த?"

மென்று முடிக்கிற சத்தம் கேட்டது. "யார் சொன்னது?"

"படம் கீது. ஒத்திக்கிற. கண்ணால பாத்தேன்."

சிரித்தான்! வெட்கம் கெட்டவன், சிரித்தான். "அட, அதயும் எவனாவது புடிச்சி வெச்சிக்கினானா? ஆமாமே. வுட்டேன். மாடில கீற அத்தினி பேரும் என் மேலதான் காசு கட்டினானுங்க. நான் நம்ம கைடு பாபுவ வுட்டு மாப்ள மேல கட்டச் சொல்லிட்டேன். அந்த டப்புலதான் வண்டி எடுத்தேன், செவப்பு வண்டி, நெனப்பு கீதா? மாப்ளய அழச்சிக்கினு வந்தமே."

"ஒரு வண்டிக்கா என்ன வித்த?"

"த்தோ, வித்தேன் கித்தேன்னு பேசாத. ஆளு நல்லவன், குடிக்க மாட்டான், கம்பெனில கீறான். ஜாதி வேறன்னு நானா குடுத்தா சொந்தக்காரனுங்க காறித் துப்புவானுங்க. பந்தயத்துல தோத்துட்டேன்னா எவன் கேப்பான்? உனக்கும் கல்யாணம் ஆச்சி, எனக்கும் வண்டி ஆச்சி. இப்ப இன்னா கொறஞ்சிட்ட நீ? ஃபாரின்ல கீற."

"என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா நீ சவுதி சவுதின்னுவ. பேஜாரு." தண்ணீர் குடித்தான். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "விஜி. மாப்ளகிட்ட மட்டும் சொல்லிடாதமே. வேலயும் இல்ல, முதுகும் இல்ல. அந்தாளு வாழ்க்கைல ஜெயிச்சது அது ஒண்ணுதான். அதயும் புடுங்கிக்கினா இன்னா ஆவான்?"

"எனக்கு இன்னா கீதுன்னு நீ என்னிக்காவது நெனச்சியாடா?" என்று கேட்டேன். அதற்குள் அங்கே யாரோ மனை பார்க்க வந்துவிட்டார்கள். "வந்துட்டேன் சார், வந்துட்டேன்" என்று போனை வைத்துவிட்டான்.

நான் நினைத்திருந்தால் நிவியிடம் அதைப் போடாதே என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. அந்தப் பெண் கேட்டிருப்பாள். ராத்திரிச் சாப்பாட்டின்போது, "நாளைக்கு அத டிவியில போடட்டுமா?" என்று என் காதில் கேட்டாள். சோபாவில் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்த முரளியைப் பார்த்தேன்.

"போடு" என்றேன்.

7

பிரியாணி, கத்தரிக்காய், பாயசம். என்னோடு வேலை பார்க்கிற வெள்ளைக்காரப் பெண்கள் நாலைந்து பேர், எங்கள் தலைமை நர்ஸ், ஒரு சேலத்துக் குடும்பம், ஒரு யாழ்ப்பாணத்து டீச்சர் அக்கா. எல்லோரும் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். நிவி விளக்கை அணைத்தாள், ஜன்னல் திரையை இழுத்தாள், படத்தைப் போட்டாள்.

முரளி கத்தியே விட்டார். "ஐயோ, என் முடியப் பாருங்க! ஏய், அது என் பேகி பேண்ட்டு!" ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டார். முதுகுவலியெல்லாம் எங்கே போயிற்றோ, எழுந்து டிவி பக்கத்தில் நின்று கையை நீட்டி நீட்டி, பாதி தமிழ் பாதி இங்கிலீஷில் சொன்னார். இது கருங்கல் சில்லு, இது கைடு பாபு, இவன்தான் என் மச்சான், இவனை ஜெயிக்க அந்தக் கடற்கரையிலேயே ஆள் கிடையாது.

கறுப்புப் பந்து வந்தது. சேகர் மேஜையைத் தொட்டான், கண்ணில் ஒத்திக்கொண்டான். முரளி படத்தை நிறுத்தினார்.

உலகத்தில் இருக்கிற அத்தனை திருட்டுத் தோல்வியையும் மணிக்கட்டை வைத்துக் கண்டுபிடிக்கிறவர் ஆயிற்றே.

"பாத்தீங்களா? சாமி கும்பிடறான்!" என்றார். முகமெல்லாம் பல். "யார்கிட்டயும் தோக்காதவன், என் முன்னாடி சாமி கும்பிடறான்! பயந்துட்டான்!" இங்கிலீஷிலும் சொன்னார். வெள்ளைக்காரப் பெண்கள் ஐயோ பாவம் என்று உதட்டைப் பிதுக்கினார்கள். படத்தை ஓட்டினார். சேகர் தவறவிட்டான். வாலிப முரளி குனிந்து, போட்டு, குச்சியை இரண்டு கையாலும் தூக்கிக் கத்துகிறார். ஹாலில் எல்லோரும் கை தட்டினார்கள். கிழ முரளி என்னிடம் வந்து தோளில் கை போட்டார்.

"இதோ, நான் வாங்கின கப்பு."

கையை எடுத்துவிட்டேன்.

"அது கும்புடு இல்லீங்க" என்றேன். சத்தம் போடவில்லை, பாயசத்துக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னேன். "எங்கண்ணன் வேணும்னு தோக்கறதுக்கு முன்னாடி அப்படித்தான் ஒத்திக்குவான். என்கூட கேரம் ஆடும்போதும் அதான் பண்ணுவான். பந்தயம் உங்க மேல கட்டி வெச்சிட்டுத் தோத்தான். அந்தக் காசுல வாங்கினதுதான் அந்த செவப்பு வண்டி. மாப்பிள்ளை அழைப்புக்கு ஏறிக்கினு வந்தீங்களே, அது. போன்ல கேட்டுட்டேன், அவனே சொன்னான்."

சேலத்துக்காரர் கையில் எடுத்த கவளத்தைத் தட்டில் வைத்தார். டீச்சர் அக்கா, "ஏன் பிள்ளை, இண்டைக்குப் போய்..." என்று இழுத்தார். தலைமை நர்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன சொன்னாள் என்று சிரித்தபடியே நிவியைக் கேட்டாள். நிவி முகம் வெளுத்து என்னையும் அவள் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வித்தியாசம் தெரியாத பெண், அன்றைக்கு ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள்.

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. இருபத்தைந்து வருஷத்தில் அப்படிக் குளிர்ந்ததில்லை. யார் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

முரளி ரிமோட்டை எடுத்தார். பின்னால் ஓட்டினார். சேகர் தொட்டான், ஒத்திக்கொண்டான், அடித்தான். பின்னால் ஓட்டினார். மெதுவாக ஓட விட்டார். ஐந்தாறு தரம் பார்த்துவிட்டு, "மணிக்கட்டு" என்றார் தனக்குத்தானே. "லேசா ஒரு திருப்பு." டிவியை அணைத்துவிட்டு, பிரியாணி ஆறிப்போகுது, எல்லாரும் சாப்பிடுங்க என்றார். இங்கிலீஷிலும் ஒருதரம் சொன்னார்.

8

விருந்தாளிகள் சீக்கிரமே போய்விட்டார்கள். நிவி அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். முரளி வந்து சமையலறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் திருப்பித் திட்ட என்னிடம் நிறைய இருந்தது.

"விஜி, நெஜமா சொல்லு" என்றார். "அவன் வுடலன்னா, ஒழுங்கா ஆடியிருந்தான்னா, நான் ஜெயிச்சிருப்பனா?"

எனக்கு அந்த ஆட்டத்தில் ஒரு மண்ணும் தெரியாது. எந்தப் பந்து எதில் விழ வேண்டும் என்று இன்றைக்கும் தெரியாது. அவருக்கும் அது தெரியும். ஒரு ஆமாம் சொன்னால் போதும் என்று நின்றுகொண்டிருந்தார்.

"மாட்டீங்க" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலை டிவி ஓடவில்லை. அதற்கடுத்த நாளும் ஓடவில்லை. இப்போது ஜன்னலோரம் நாற்காலி போட்டு, எதிர் வீட்டுக்காரன் புல் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நிவி வெலிங்டன் போனவள் அவருக்கு தினம் போன் பண்ணுகிறாளாம். எனக்குப் பண்ணுவதில்லை.

போன வாரம் மதுராந்தகத்திலிருந்து புதிதாக வந்த ஒரு ஜோடியைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். கல்யாணமாகி ஆறு மாசம்கூட ஆகாத பிள்ளைகள். ரசம் ஊற்றும்போது அந்தப் பெண் கேட்டாள்: "உங்களது லவ்வா அங்க்கிள், அரேஞ்சுடா?"

நான் கரண்டியோடு நின்றேன். பழக்கதோஷம், பல்லைக் காட்டத் தயாராகிவிட்டேன்.

"அரேஞ்சுடும்மா" என்றார் முரளி. "வீட்ல பாத்து வெச்சாங்க. எல்லார் மாதிரிதான்." அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். ஆசையாகப் பார்த்தாள், ஆன்ட்டி ஏதாவது சொல்வாள் என்று. என்னை ஒருத்தன் வேண்டும் என்று கேட்டு வந்து நின்றதற்கு ஊரில் உலகத்தில் இருந்த சாட்சி அந்த ஒரு கதைதான். நான் அவளுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன்.